வீட்டுக் காப்புறுதிப் பத்திரத்தில் மண்சரிவு எழுதப்பட்டிருக்கிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழை கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களின் மலைச்சரிவுகளைக் குலைத்துப் போட்ட பின்னர், வீட்டுக்கும் காப்புறுதி வேண்டும் என்ற எண்ணம் மலையகத்தில் வலுப்பெற்றிருப்பது வரவேற்கத்தக்கது. ஆனால் எந்த நிறுவனத்தின் கட்டுப்பணம் குறைவு என்பதை மட்டும் விசாரித்துவிட்டு, எந்த ஆபத்துக்கு, எவ்வளவு தொகைக்குப் பாதுகாப்புக் கிடைக்கும் என்பதைக் கேளாமலே பலர் கையொப்பமிடுகிறார்கள். வங்கியொன்றின் வீட்டுக்கடன் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இதுபற்றிச் சிலவற்றைக் கூற விரும்புகிறேன்.

நம் நாட்டில் வீட்டுக் காப்புறுதி பெரும்பாலும் தீக் காப்புறுதியை அடிப்படையாகக் கொண்டது. அடிப்படைப் பத்திரம் தீயையும் மின்னலையும் கவனிக்கும். புயல், வெள்ளம், நிலநடுக்கம், தண்ணீர்த் தாங்கி வெடித்தல், களவு, கலகம் போன்றவை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும் வகையில் சேர்க்கப்படுகின்றன. "இயற்கை அனர்த்தம் எல்லாமே இதில் அடக்கம்" என்று முகவர் வாயால் சொல்வதை நம்பி இருந்துவிடக் கூடாது. மண்சரிவும் நிலம் தாழிறங்குதலும் பத்திரத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கின்றனவா என்பதே மலைநாட்டில் வீடு வைத்திருப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

எனக்குத் தெரிந்த ஒருவரின் வீட்டுக்குப் பின்னாலிருந்த மண்மேடு அடைமழையில் சரிந்து குசினிச் சுவரை உள்ளே தள்ளியது. மழையால் வந்த சேதம்தானே என்று அவர் நட்டஈடு கோரியபோது, சுவரை இடித்தது மழையல்ல, மண் என்று நிறுவனம் பதிலளித்தது. பத்திரத்தை வாங்கிப் பார்த்தேன்: புயலும் வெள்ளமும் முதற்பக்கத்திலேயே இருந்தன, மண்சரிவோ பின்பக்கத்தில், நட்டஈடு தரப்படாத விலக்குகளின் வரிசையில், கண்ணாடி போட்டும் சிரமப்பட்டு வாசிக்க வேண்டிய எழுத்தில் இருந்தது. மேட்டைத் தாங்கி நின்ற மதிலுக்கும் ஒரு சதம் கிடைக்கவில்லை. மதில், வேலி, படிக்கட்டு போன்றவை தனியாகக் குறிப்பிடப்படாவிட்டால் கட்டடத்தோடு சேர்த்துக் கணக்கிடப்படாமல் போகலாம். மலைநாட்டு வீடுகளிலோ வீட்டைக் கட்டிய செலவில் கணிசமான பங்கு அந்த மதிலுக்கே போயிருக்கும்.

அடுத்தது தொகை. 2022 பொருளாதார நெருக்கடிக்கு முன்னர் குறித்த தொகையையே இன்றும் வருடாவருடம் புதுப்பித்து வருபவர்கள் உண்டு. சீமெந்தும் கம்பியும் கூலியும் எங்கேயோ போய்விட்ட நிலையில் அந்தத் தொகைக்கு அதே வீட்டைத் திரும்பக் கட்ட முடியாது. வீடு முழுமையாக அழிந்தால் மட்டுமே இந்தக் குறை தெரியவரும் என்று பலர் நினைக்கிறார்கள். பகுதிச் சேதத்திலும் அது கடிக்கும். திரும்பக் கட்ட 100 இலட்சம் ரூபா தேவைப்படும் வீட்டை 60 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருந்து, 20 இலட்சம் ரூபாவுக்குச் சேதம் ஏற்பட்டால், காப்புறுதித் தொகை மீளக்கட்டும் செலவில் எத்தனை பங்கோ சேதத்திலும் அத்தனை பங்கையே தரும் விகிதாசார நிபந்தனையின்படி 12 இலட்சமே கிடைக்கும். உரிமையாளரே ஏற்க வேண்டிய ஆரம்பத் தொகை ஒன்று இருந்தால் அதுவும் அதிலிருந்து கழியும். எனவே வருடந்தோறும் புதுப்பிக்கும்போது, மீளக்கட்டும் செலவை ஊரிலுள்ள ஒப்பந்தகாரரிடமாவது கேட்டுத் திருத்திக்கொள்வது நல்லது. காணியின் விலையை அதில் சேர்க்கத் தேவையில்லை. காணி எரிவதில்லை, சரிந்துபோனால் அதற்கு எவரும் விலை தருவதுமில்லை.

வங்கிக் கடனில் கட்டிய வீட்டுக்கு வங்கியே ஒரு பத்திரம் எடுத்துவிட்டது என்று நிம்மதியாக இருப்பவர்கள், அதன் பிரதியைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். சில வேளைகளில் அது கடன் தொகைக்கு மட்டுமே எடுக்கப்பட்டிருக்கும். வீட்டுத் தளபாடங்கள் அதில் இரா.

விண்ணப்பப் படிவத்தை முகவரிடம் கொடுத்து நிரப்பச் சொல்வதும் ஆபத்தான பழக்கம். வீட்டுக்கு அருகே சரிவு உண்டா, முன்னர் சேதம் ஏற்பட்டதா என்ற கேள்விகளுக்கு அவர் "இல்லை" என்று அடையாளமிட்டுவிட்டால், உண்மையை மறைத்த பழி கையொப்பமிட்டவர் மீதே விழும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்த இடத்தின் மண்சரிவு அபாயம் பற்றித் தந்த மதிப்பீட்டு அறிக்கை கையில் இருந்தால் அதையும் இணைத்துக் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்பம் பெற்றுக்கொள்ள வேண்டும். கட்டுப்பணம் கூடலாம், விண்ணப்பம் மறுக்கப்படவும் கூடும். ஆனாலும் அது வீடு விழுந்த பிறகு தெரியவருவதைவிட மேல்.

நிறுவனத்தைத் தெரிவுசெய்யும்போது, அது பொதுக் காப்புறுதிக்கான (அதாவது ஆயுள் அல்லாத காப்புறுதிக்கான) அனுமதி பெற்றதா என்பதை இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் பட்டியலில் பார்க்கலாம். அதற்கப்பால் நான் பார்ப்பது ஒன்றுதான்: பாதை அடைபட்ட நாட்களில் சேதத்தைப் பார்வையிட எங்கிருந்து ஆள் வருவார்? கொழும்பிலிருந்துதான் வர வேண்டுமென்றால், அதுவரை மண்ணை அள்ளாமல் காத்திருக்க வேண்டுமா, அல்லது புகைப்படம் போதுமா என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். முகவர் என்பவர் நிறுவனத்தின் ஆள், தரகர் என்பவர் வாடிக்கையாளருக்காகப் பேச வேண்டியவர் என்ற வேறுபாடும் நினைவில் இருக்கட்டும். கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் முறையிட்டு, அங்கே தீராவிடில் காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் கொண்டுசெல்லலாம்.

தோட்டத் தொழிலாளருக்கான லயன் அறைகளில் வாழ்வோரின் நிலை வேறு. கட்டடம் தோட்டத்துக்குரியது என்பதால் அதை அவர்கள் தம் பெயரில் காப்புறுதி செய்வது கடினம்; ஏழு பேர்ச் காணியில் தனிவீடு கிடைத்தும் காணி உறுதி கைக்கு வராதவர்களுக்கும் இதே சிக்கல் எழுகிறது. அவர்கள் வீட்டுப் பொருட்களுக்கு மட்டுமாவது பாதுகாப்புத் தேடலாம். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் லயன் வரிசைகளே புதையுண்ட நாட்டில், தோட்ட நிர்வாகங்கள் தமது குடியிருப்புகளை மண்சரிவுக்கு எதிராகக் காப்புறுதி செய்திருக்கின்றனவா என்று தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுகளின்போதாவது கேட்க வேண்டும்.

மலையகக் கிளைகளில் வழங்கப்பட்டு நான் பார்த்த பத்திரங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருந்தன. முழுப் பத்திரத்தையும் தமிழாக்குவது நிறுவனங்களுக்குச் சுமை என்றால், ஏற்கப்படும் ஆபத்துகளும் விலக்குகளும் அடங்கிய ஒரு பக்கத்தையாவது, வாசிக்கக்கூடிய அளவு எழுத்தில், கையொப்பமிடும் முன்னரே தமிழில் தருமாறு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு பணிக்க வேண்டும் எனத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகத்தர்,
ஹட்டன்