பொதுக் கட்டம் எது, தனிக் கட்டம் எது? தளவமைப்புத் திரை குறித்த புகார்

அனுப்புநர்:
உரிமையாளர், ஜமக்காளக் கடை, பவானி, ஈரோடு மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அதிகாரி, இணையதள வடிவமைப்பு மென்பொருள் நிறுவனம்.

வணக்கம்.

உங்கள் மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா கட்டி, எங்கள் கடைக்கான இணையதளத்தை நானே உருவாக்கினேன். "கோடிங் தெரிய வேண்டாம், இழுத்து வைத்தால் போதும்" என்றுதானே விளம்பரம் செய்கிறீர்கள்? இழுத்து வைப்பது சுலபம்தான். எங்கே வைக்கிறோம் என்பதுதான் தெரிவதில்லை.

ஆடிப்பெருக்கை ஒட்டிப் பந்தி ஜமக்காளத்துக்கு மட்டும் 10 சதவீதம் தள்ளுபடி கொடுத்தோம். தளத்தில் அதற்கான பக்கத்தைத் திறந்து, உச்சியில் இருந்த கட்டத்தில் அறிவிப்பை எழுதிச் சேமித்தேன். அந்தக் கட்டம் ஹெட்டராம், அதாவது தளத்தின் தலைப்பகுதி. டெம்ப்ளேட் என்கிற பொது அச்சோடு சேர்ந்தது, எல்லாப் பக்கத்துக்கும் பொதுவானது. பக்கத்தை அமைக்கும் தளவமைப்புத் திரையிலோ 'ரீஜியன் 1' என்று மட்டும் இருந்தது. அதற்குக் கீழே, அந்தப் பக்கத்துக்கே உரிய கட்டத்தின் பெயர் 'ரீஜியன் 2'. இரண்டையும் சுற்றி ஒரே சாம்பல் நிறக் கோடு. பார்க்கிறவனுக்கு என்ன வித்தியாசம் தெரியும்? பெட்ஷீட், துண்டு, தலையணை உறை என்று எல்லாப் பக்கத்திலும் தள்ளுபடி ஏறிவிட்டது. கோபியிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, "ஏனுங்க, நீங்களே போட்டுட்டு இப்ப இல்லைன்னா எப்படிங்க?" என்றார். கேட்டவர்களுக்கெல்லாம் குறைத்தே கொடுத்தோம். அந்த நஷ்டம் எங்கள் கையை விட்டுத்தான் போனது.

அப்புறம் செல்போன். சைடுபாரில், அதாவது பக்கவாட்டுப் பகுதியில் வைத்த வாட்ஸ்அப் பொத்தான் கம்ப்யூட்டரில் வலது ஓரமாக அம்சமாக இருக்கிறது. செல்போனில் அது அத்தனை படங்களையும் தாண்டி, ஃபூட்டர் என்கிற அடிப்பகுதிக்கு மேலே போய் உட்கார்ந்துகொள்கிறது. குறுகிய திரையில் பக்கவாட்டுப் பகுதி கீழே இறங்குவது வழக்கம்தான், சரி. எது எதற்குப் பின் வரும் என்று முன்கூட்டியே காட்டவும் இல்லை, வரிசையை மாற்றவும் வழியில்லை என்பதுதான் குறை.

உங்கள் உதவிப் பிரிவைக் கேட்டால், உதவிப் பக்கத்தைப் படிக்கச் சொன்னார்கள். அதிலிருப்பது பழைய திரையின் படம்.

பெருந்துறையில் இன்ஜினியரிங் படிக்கும் அக்கா மகன் தளத்தின் நிரலைத் திறந்து காட்டினான். ஹெட்டர், நாவ், மெயின், அசைடு, ஃபூட்டர் என்று ஒவ்வொரு பகுதிக்கும் அங்கே பெயர் இருக்கிறது. இவையெல்லாம் 2014-இல் இறுதியான ஹெச்டிஎம்எல்5 என்ற இணையப் பக்க நிரல் தரத்திலேயே உள்ளவையாம். "உள்ளே பேர் இருக்குங்க மாமா, நமக்குத்தான் நம்பர் போட்டுக் காட்டறாங்க" என்றான். இதைத் திரையில் எழுத உங்களுக்கு என்ன தடை?

பகுதிகளின் பெயரைத் தமிழிலும் காட்டுங்கள். பொதுப் பகுதிக்கு வேறு நிறம் கொடுங்கள். அதைத் திருத்திச் சேமிக்கும்போது "இது எல்லாப் பக்கங்களிலும் மாறும்" என்று ஒரு வரி எச்சரிக்கை வரட்டும். செல்போன் வரிசையை நாங்களே மாற்ற வழி செய்யுங்கள். அதுவரை இந்த ஆண்டுச் சந்தாவைக் கூடுதல் கட்டணமின்றி நீட்டித்துத் தர வேண்டும்.

2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். உதவிப் பக்கத்தின் இணைப்பை மறுபடி அனுப்பாமல், எழுத்துப்பூர்வமான பதிலை அனுப்பவும்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்