லைன் போச்சுடி

அடி வாயாடி,

பசியாறிட்டியா? போன வாரம் நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜ் 7 நிமிஷம், அதுல 5 நிமிஷம் உன் மாமியாரோட முட்டி வலி, மீதி 2 நிமிஷம் லேப்டாப்புல வைஃபை அறுந்து அறுந்து போகுதுன்னு பொலம்பல். முட்டிக்கு என்கிட்ட மருந்து இல்ல. வைஃபைக்கு இருக்கு, ஏன்னா 4 மாசமா அதே பேய்தான் என்னையும் புடிச்சு ஆட்டுச்சு. போன்ல சொல்லலாம்னா நீ பாதியிலேயே வேற கதைக்குத் தாவிடுவ, அதான் ஒக்காந்து டைப் பண்றேன், கடைசி வரைக்கும் படி.

எனக்கு தீபாவளி முடிஞ்ச கையோட ஆரம்பிச்சுது. ராத்திரி 8 மணிக்கு எஸ்பிஎம் பரீட்சை எழுதுற பிள்ளைங்க 11 பேருக்கு ஆன்லைன்ல தமிழ் எடுக்கிறேன்ல, அன்னைக்கு வலி மிகும் இடங்கள். அந்த, இந்தன்னு வர்ற சுட்டுக்குப் பின்னால வல்லினம் மிகும்னு சொல்ல வாயத் தொறந்தேன், அதோட நின்னுட்டேன். நின்னது எனக்கே தெரியாது, நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருக்கேன், உதாரணம் வேற குடுக்கிறேன், 3 நிமிஷம் கழிச்சு போன்ல மெசேஜ் வருது, டீச்சர் நீங்க அப்பவே ஃப்ரீஸ் ஆயிட்டீங்கன்னு. ஒரு வாலு அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டிக்கரா பண்ணிட்டான், வாயப் பொளந்து ஒரு கண்ணு மூடி ஒரு கண்ணு தொறந்து நான். இப்ப என் பொண்ணே எனக்கு அதைத்தான் அனுப்புறா.

உன்ன மாதிரியே நானும் முதல்ல லைன்காரனத்தான் திட்டுனேன். 3 தடவை போன் பண்ணேன். ஒரு மலாய்க்காரப் பையன் வந்தான், நல்ல பையன், மோடத்துல விளக்கப் பாத்தான், அவன் போன்லயே ஸ்பீட் டெஸ்ட் எடுத்துக் காட்டுனான், "லைன் ஓகே, காக்"னு, அக்கான்னு மரியாதையா சொல்லிட்டுப் போயிட்டான். எனக்கு ஆத்திரம். ஆனா அவன் சொன்னதுதான் உண்மை, அப்ப எனக்கு வெளங்கல.

அப்புறம் வீட்டுக்காரரு மேல பாஞ்சேன். ரூட்டர் இருக்கிறது அவரோட அரோவானா மீன் தொட்டிக்குப் பின்னால. தண்ணி இந்த சிக்னல நல்லா உறிஞ்சும்டி, 4 அடித் தொட்டிக்குப் பின்னால ரூட்டர வச்சா ஈரச் சுவருக்குப் பின்னால வச்ச மாதிரிதான். மனுசன் மீன அசைக்க மாட்டேன்னுட்டாரு, மீனுக்கு ஸ்ட்ரெஸ் ஆயிடுமாம். எனக்கு ஆகாதாம். சரின்னு ரூட்டர மட்டும் தூக்கி டிவி மேல இருக்கிற பலகையில வச்சேன், ஹால்ல கொஞ்சம் தேவலாம்னு தோணுச்சு, ஆனா 8 மணிக்கு மறுபடி அதே கூத்து.

8 மணிக்கு மட்டும் ஏன்னு மண்டைய ஒடைச்சதுல மைக்ரோவேவ் ஞாபகம் வந்துச்சு. அந்நேரத்துக்குத்தான் இவரு வேலை முடிஞ்சு வந்து கறிய சூடு காட்டுவாரு. மைக்ரோவேவ் ஓடுறது கிட்டத்தட்ட 2.45 கிகாஹெர்ட்ஸ், வைஃபையோட பழைய பேண்ட், அதான் அலைவரிசை, 2.4, ரெண்டும் பக்கத்து பக்கத்து வீடு, அதுல இருந்து கசியுற கொஞ்சம் போதும் இங்க கெடுக்க. அதோட இது செந்தூல் ஃபிளாட், என் ரூம்ல நின்னு பாத்தா 27 பேரோட வைஃபை தெரியுது, எல்லாரும் 2.4லதான் முட்டிக்கிட்டு நிக்கிறாங்க. அந்த பேண்ட்ல நம்ம ஊர்ல 13 சேனல் இருந்தாலும் ஒண்ணோட ஒண்ணு இடிக்காத சேனல்னு பாத்தா 1, 6, 11, அவ்ளோதான். அதனால 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்துனேன். அது வேகம், கூட்டமும் கம்மி, ஆனா சுவரக் கண்டா அதுக்கு பயம். பினாங்குல உங்க ஆயர் ஈத்தாம் வீட்டுச் சுவர் எவ்ளோ தடிப்புன்னு எனக்குத் தெரியும், ஆணி அடிச்சா ஆணிதான் வளையும், அதனால சமையக்கட்டுல ஒக்காந்து 5ஐ நம்பாத.

இவ்ளோ பண்ணியும் போகலடி. கம்ப்யூட்டர் கடைக்குத் தூக்கிட்டுப் போனேன், எந்தக் கடைன்னு கேக்காத. ஒருத்தன் தொறந்துகூடப் பாக்காம "போர்டு போச்சு மேடம், புதுசு வாங்கிடுங்க"ன்னான். 4 வருஷ லேப்டாப்பு, இவன் சொன்னான்னு தூக்கிப் போட எனக்கு என்ன, பணம் மரத்துலயா காய்க்குது?

அன்னைக்கு ராத்திரி வந்த கோவத்துலதான் உருப்படியா ஒரு காரியம் பண்ணேன். இதை நல்லா கவனி, நீ பண்ண வேண்டியதும் இதுதான். கமாண்ட் பிராம்ப்ட்னு கருப்பு டப்பா ஒண்ணு இருக்கும்ல, அதை ரெண்டு தடவை தொறந்து பக்கத்து பக்கத்துல வையி. ஒண்ணுல பிங் அடிச்சு, அது எதிர்ல இருக்கிறவன் பதில் சொல்றானான்னு கேட்டுப் பாக்கிற கட்டளை, எடம் விட்டு உன் ரூட்டரோட நம்பர், எனக்கு 192.168.0.1, உனக்கு வேறயா இருக்கலாம், ஐபிகான்ஃபிக்னு அடிச்சா டிஃபால்ட் கேட்வேன்னு காட்டும், அதுக்குப் பின்னால மறுபடி எடம் விட்டு ஒரு சின்னக் கோடும் டி எழுத்தும். இன்னொண்ணுல ரூட்டர் நம்பருக்கு பதிலா 8.8.8.8, அது கூகுளோடது, வீட்டுக்கு வெளிய. ரெண்டும் வரிவரியா ஓடிக்கிட்டே இருக்கும். லைன் போகும்போது வெளிய இருக்கிறது மட்டும் நின்னு ரூட்டர் பதில் சொல்லிக்கிட்டே இருந்துச்சுன்னா கோளாறு மோடத்துலயோ அதுக்கு அந்தப் பக்கமோ, தாராளமா போன் போட்டு சண்ட போடு. ரூட்டரே பதில் சொல்லலன்னா லைன்காரன விட்டுடு, வம்பு உன் லேப்டாப்புக்கும் ரூட்டருக்கும் நடுவுல.

எனக்கு ரூட்டரே நின்னுச்சு. 3 மில்லிசெகண்டுல பதில் வந்துக்கிட்டு இருந்தது 400 ஆச்சு, அப்புறம் பதிலே இல்ல, டைம்ட் அவுட், டைம்ட் அவுட்னு வரிசையா. அதே நேரத்துல பக்கத்துல என் போன்ல வீடியோ ஜம்முனு ஓடுது. அப்ப லேப்டாப்புதான்னு ஆயிடுச்சு.

அப்ப பாத்து கண்ணு கூசுதுன்னு லேப்டாப்போட மூடிய, அதான் ஸ்கிரீன, நிமித்தி வச்சேன். வரி சரியா ஓட ஆரம்பிச்சுது. மறுபடி பின்னால சாய்ச்சேன், நின்னுச்சு. நிமித்துனேன், ஓடுச்சு. ஒரு பத்து தடவை பண்ணிருப்பேன், பைத்தியம் புடிச்சவ கதவத் தொறந்து தொறந்து மூடுற மாதிரி. வீட்டுக்காரரு எட்டிப் பாத்துட்டு ஒண்ணும் பேசாம போயிட்டாரு.

தீபாவளிக்கு முந்தின வாரம்தான் நான் கண்ணாடி மாத்துனேன், அந்தப் புரோகிரஸிவ் கண்ணாடி, கிட்டப் படிக்கணும்னா கீழ்ப்பாதி வழியா பாக்கணும், அதனால தலைய மேல தூக்கி, ஸ்கிரீன பின்னால சாய்ச்சு வச்சாதான் எனக்கு எழுத்து தெரியும். பகல்ல சும்மா ஃபேஸ்புக் பாக்கிறப்ப கண்ணாடி போடமாட்டேன், மூடி நேரா நிக்கும், லைனும் அறுந்து போகாது. கிளாஸ்னா பிள்ளைங்க எழுதுறத படிக்கணுமே, கண்ணாடி போட்டு மூடிய சாய்ச்சிடுவேன். பாவம் அந்த மைக்ரோவேவ், பாவம் அந்த மலாய்க்காரப் பையன்.

கோலாலம்பூர்ல கம்ப்யூட்டர் கடைங்க நெறைஞ்ச அந்த லோயாட் மால்ல மேல் மாடியில ஒரு சீனப் பெரியவரு இருக்காரு, சின்ன மேசை, ஒரு டேபிள் லேம்பு, அவர்கிட்ட மூடிய சாய்ச்சுக் காட்டுனேன், சிரிச்சாரு. வைஃபை கார்டு அடியில இருக்கு, ஆனா அதோட ஏரியல் ஸ்கிரீனச் சுத்தி இருக்கிற சட்டத்துக்குள்ள இருக்காம், அங்க இருந்து முடி மாதிரி ரெண்டு வயரு, ஒண்ணு கருப்பு ஒண்ணு சாம்பல், கீல் வழியா கீழ எறங்குது. சட்டத்த நகத்தால நெம்பி எடுத்தாரு, டக் டக்னு சத்தம், எனக்கு ஒடைஞ்சிடுமோன்னு உயிர் போகுது. கீலுக்கிட்ட கருப்பு வயரோட தோலு உரிஞ்சு உள்ள பின்னின செம்பு மினுமினுன்னு தெரிஞ்சுது. 4 வருஷமா தொறந்து மூடி தேஞ்சிருக்கு, மூடிய சாய்ச்சா கீலு அதை நசுக்குது. வயர மாத்தி 60 மலேசிய வெள்ளி வாங்குனாரு. கடைக்காரன் சொன்ன புது லேப்டாப்பு 2,400.

அதுக்காக உன்னோடதும் கீலுதான்னு நெனச்சு இன்னைக்கே நெம்பாத. நீ சொன்னதுல ஒண்ணு எனக்கு ஒதைக்குது, டீ கலக்கப் போயிட்டு வந்தா போயிருக்குன்ன. சும்மா இருந்தப்புறம் போகுதுன்னா அது வேற நோய், பேட்டரிய மிச்சப்படுத்துறேன்னு விண்டோஸே வைஃபை கார்ட தூங்க வச்சிருக்கலாம். டிவைஸ் மேனேஜர்ல நெட்வொர்க் அடாப்டர்ஸ், அதுல உன் வைஃபை கார்டு, ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், பவர் மேனேஜ்மெண்ட், அங்க பவர் சேவ் பண்ண இதை ஆஃப் பண்ணலாம்னு ஒரு டிக் இருக்கும், எடுத்துடு. சில லேப்டாப்புல அந்தப் பக்கமே இருக்காது, இல்லன்னா என்னை எழுப்பாத. அப்புறம் நீ ரெக்கார்டிங் எல்லாம் போட்டு வைக்கிற அந்த யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்க லேப்டாப்புக்கு ஒட்டி வைக்காத, அது வேலை செய்யறப்ப 2.4ல இரைச்சல் கிளப்பும், இன்டெல் கம்பெனியே 2012ல இதைப் பத்தி எழுதியிருக்கு. நீளமான வயர் போட்டு தள்ளி வையி.

இதுவும் வேலைக்கு ஆகலன்னா 35 வெள்ளிக்கு யூஎஸ்பி வைஃபை குச்சி ஒண்ணு வாங்கி சொருகிப் பாரு. குச்சியில லைன் அறாம ஓடுது, உள்ளுக்குள்ள இருக்கிறதுல அறுந்து போகுதுன்னா கார்டோ வயரோதான், அப்பவும் போர்டு போச்சுன்னு எவனாவது சொன்னா பையத் தூக்கிட்டு எழுந்து வந்துடு.

அந்தக் காலத்துல உங்க வீட்டு போன் லைன்ல 1515ங்கிற நம்பரப் போட்டு இன்டர்நெட்டு பாப்போமே, கீஈஈங்குனு கத்தும், ஞாபகம் இருக்கா? அப்ப லைன் போனா யாரோ ஹால்ல போன எடுத்துட்டாங்கன்னு அர்த்தம், எப்பவும் உங்கப்பாதான்.

ஸ்கூல் லீவுல ஈடிஎஸ் ரயில் புடிச்சு பட்டர்வொர்த் வர்றேன், ஃபெரில வந்து எறங்குறேன், நீ காடிய எடுத்துட்டு வா. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஒரு நடை போவோம், என் முட்டி தாங்குனா. அதுக்குள்ள ரெண்டு பிங்கையும் ஓட விட்டு லைன் போகுற நேரத்துல போன்ல படம் எடுத்து அனுப்பு, ரெண்டு டப்பாவும் தெரியணும். வாய்ஸ் மெசேஜ் வேணாம்.

உன் பழைய பெஞ்சுக்காரி
செந்தூல்

பி.கு. அந்த ஸ்டிக்கர உனக்கு அனுப்பிருக்கேன். உன் தங்கச்சிக்கு அனுப்புன, கொன்னுடுவேன்.