தடத்தைப் போட்டுவிட்டுத் தனியாரைக் கூப்பிடுங்கள்: ரயில்வே வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

ரயில்வே வாரியத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் கொருக்குப்பேட்டையில் குடியிருப்பவன். சீசன் டிக்கெட் எடுத்துக் கும்மிடிப்பூண்டி யூனிட் வண்டியில் (புறநகர் மின்சார ரயிலில்) போய்வரும் ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவன். தனியார் அதிவேக ரயில் பற்றிய பேச்சு எழுவதும் அடங்குவதுமாக இருக்கிறது. அடுத்த முறை டெண்டர் எழுத உட்காருவதற்கு முன் வடசென்னையின் குரலும் உங்கள் காதில் விழ வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தனியார் ரயிலே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. போட்டியால் பயணிகளுக்கு நன்மை கிடைத்த நாடு இருக்கிறது. இத்தாலியில் 2012 ஏப்ரலில் இட்டாலோ என்ற தனியார் ரயில், மணிக்கு 300 கி.மீ. வேக வண்டிகளோடு களத்தில் இறங்கியது. எதிரே அரசின் ட்ரெனிட்டாலியா. ரோமுக்கும் மிலானுக்கும் போய்வருகிறவர்களுக்குக் கட்டணம் இறங்கியது, வண்டிகள் கூடின, கூட்டமும் பெருகியது. தனியார்மயத்தை ஆதரிப்பவர்கள் எல்லாரும் இதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் அதற்கு முன் நடந்ததையும் இடையில் நடந்ததையும் யாரும் சொல்வதில்லை.

இட்டாலோ வருவதற்கு முன்பே மிலானிலிருந்து ரோம் வழியாக நேப்பிள்ஸ் வரை அதிவேக வண்டிக்கென்று தனித் தடம் போட்டு முடித்திருந்தது அரசு. வேலைக்குப் போகிறவர்களின் உள்ளூர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு அந்த வேகம் வரவில்லை.

அப்படியும் முதல் சில வருடங்கள் இழுபறிதான். தடத்தை வைத்திருக்கும் நிறுவனமும் ட்ரெனிட்டாலியாவும் ஒரே அரசுக் குழுமத்தைச் சேர்ந்தவை. ரோமில் ஓஸ்தியென்சே நிலையத்தில் இட்டாலோவின் பயணியர் கூடத்துக்கும் பிளாட்பாரத்துக்கும் குறுக்கே ஓர் இரும்பு வேலி நின்றது. டிக்கெட் வாங்கியவர்கள், கண்ணெதிரே நிற்கும் வண்டிக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போனார்கள். தடத்தில் ஓட்டுவதற்குக் கட்ட வேண்டிய தடக் கட்டணமும் பாரமாகி, கம்பெனி கடனில் தத்தளித்தது. சுதந்திரமான போக்குவரத்து ஒழுங்குமுறை ஆணையம் வந்து, 2014இல் அதிவேகத் தடக் கட்டணத்தைக் குறைத்த பிறகே நிமிர்ந்தது. 2018இல் ஓர் அமெரிக்க முதலீட்டு நிறுவனம் ஏறத்தாழ 200 கோடி யூரோ கொடுத்து அதை வாங்கியது.

நம் ஊருக்கு வருவோம். 2020 ஜூலையில் நீங்கள் 109 வழித்தடங்களில் 151 தனியார் ரயில்களை ஓட்ட அழைப்பு விடுத்தீர்கள். 30,000 கோடி ரூபாய் முதலீடு, 35 வருட ஒப்பந்தம், மணிக்கு 160 கி.மீ. வேகம். வழித்தடங்களை மொத்தம் 12 தொகுப்புகளாகப் பிரித்திருந்தீர்கள். அதில் சென்னையும் ஒன்று. கட்டணத்தைத் தனியாரே முடிவு செய்யலாம். ஓட்டுநரும் கார்டும் ரயில்வே ஊழியர்கள். ஒரு வருடம் கழித்து ஏலத்தைத் திறந்தால் வந்திருந்தது இரண்டே நிறுவனங்கள். அதில் ஒன்று உங்களுடைய ஐ.ஆர்.சி.டி.சி.! சென்னைத் தொகுப்புக்கு ஆளே வரவில்லை. கடைசியில் திட்டமே கைவிடப்பட்டது.

தடம் உங்களுடையது, சிக்னல் உங்களுடையது, போட்டி வண்டியும் உங்களுடையது, வழக்கு வந்தால் தீர்ப்பும் நீங்களே சொல்வீர்கள் என்றால் எந்த முதலாளி பணம் போடுவான்? ஒழுங்குமுறை அமைப்பாக ரயில் மேம்பாட்டு ஆணையம் ஒன்றுக்கு 2017 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அதையும் பரிந்துரை சொல்லும் அமைப்பாகத்தான் வடிவமைத்தார்கள். உங்களையே கட்டுப்படுத்தும் அதிகாரம் அதற்குத் தரப்படவில்லை.

ஆனால் என் கவலை முதலாளியைப் பற்றியது இல்லை. அந்த 2020 ஆவணத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: தனியார் ரயில் புறப்படும் நேரத்தை ஒட்டி, அதே வழித்தடத்தில் அதுபோன்ற அரசு ரயில் ஒரு மணி நேரத்துக்குக் கிளம்பாது. எதிராளியை வீட்டுக்குள் பூட்டி வைத்துவிட்டு ஓடுவதற்குப் பெயர் போட்டியா? இத்தாலியில் கட்டணம் குறைந்ததே இரண்டு வண்டிகளும் அடுத்தடுத்துக் கிளம்பியதால்தான்.

எங்கள் மார்க்கத்தை ஒருமுறை பாருங்கள். சென்ட்ரலிலிருந்து விஜயவாடா, டெல்லி, கொல்கத்தா பக்கம் போகும் எக்ஸ்பிரஸ்கள் இதில்தான் போகின்றன. தண்டையார்பேட்டை யார்டின் கூட்ஸ் வண்டி, எண்ணூர்த் துறைமுகத்தின் சரக்கு, அனல்மின் நிலையத்தின் நிலக்கரி எல்லாவற்றுக்கும் இதே வழி. அத்திப்பட்டைத் தாண்டினால் கும்மிடிப்பூண்டி வரை இரண்டே தடம். பின்னால் எக்ஸ்பிரஸ் வந்தால் யூனிட் வண்டி ஒதுங்கி நிற்க வேண்டியதுதான். அந்த வண்டிக்குள் இருப்பவர்கள் யார்? சிப்காட்டில் ஷிப்டுக்குப் போகும் ஒப்பந்தத் தொழிலாளி. கால் மணி நேரம் பிந்தினால் அவருக்குப் பாதி நாள் கூலி போய்விடும். காசிமேட்டில் விடியற்காலை ஏலம் எடுத்த மீனை அன்னக்கூடையில் ஐஸ் போட்டு, ஈரச் சாக்கால் மூடி, மீஞ்சூர், பொன்னேரி சந்தைக்குக் கொண்டுபோகும் அக்காமார்கள். சிக்னலில் வண்டி நின்றால் கூடைக்கடியில் தண்ணீர் சொட்டச் சொட்ட, மீனின் விலையும் சேர்ந்தே இறங்குகிறது. இந்த நெரிசலில், முன்னுரிமையோடு இன்னொரு வேக வண்டியை எங்கே நுழைப்பீர்கள்?

தனியார் ரயில் எங்களுக்குப் புதிதும் இல்லை. 1856இல் ராயபுரத்திலிருந்து கிளம்பிய முதல் ரயிலே மெட்ராஸ் ரயில்வே என்ற தனியார் கம்பெனியுடையதுதான். லாபம் வந்தாலும் வராவிட்டாலும் பங்குதாரருக்குச் சுமார் 5 சதவீதம் உறுதி; குறைந்ததை இந்திய மக்களின் வரிப்பணத்திலிருந்து ஈடுகட்டினார்கள். நஷ்டத்தை நம் தலையிலும் லாபத்தை அவர்கள் கையிலும் வைத்த அந்த ஏற்பாட்டின் சாயல், இனி எழுதப்படும் எந்த ஒப்பந்தத்திலும் இருக்கக் கூடாது.

வேக ரயில் என்றால் வெளிநாட்டைத்தான் பார்க்க வேண்டும் என்றும் இல்லை. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலைக்கு 2018 அக்டோபரில் போயிருந்தால், ‘ட்ரெயின் 18’ வெளியே வந்ததைப் பார்த்திருக்கலாம். இன்ஜின் தனியாக இல்லாமல் மணிக்கு 180 கி.மீ. வரை சோதனையில் ஓடிய அந்த வண்டிதான் இன்றைய வந்தே பாரத். அயனாவரத்திலும் வில்லிவாக்கத்திலும் குடியிருக்கும் பிட்டரும் வெல்டரும் செய்த வண்டி அது. அரசு நினைத்தால் வேகமான வண்டி கட்ட முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். இல்லாதது தடம்.

ஆகவே கேட்கிறேன். அத்திப்பட்டு - கும்மிடிப்பூண்டி மூன்றாவது, நான்காவது தடங்களை முடித்து வண்டி ஓட்டிக் காட்டுங்கள். தடக் கட்டணத்தையும் நேர ஒதுக்கீட்டையும் முடிவு செய்ய, உங்கள் கையை மீறிய அதிகாரத்தோடு ஓர் ஆணையத்தைச் சட்டம் போட்டு அமைக்கச் சொல்லி அரசிடம் கேளுங்கள். ஒரு மணி நேர நிபந்தனையை இனி எழுதாதீர்கள். அடுத்த டெண்டரோடு, காலை மாலை நெரிசல் நேரத்தில் எந்த யூனிட் வண்டியும் தனியார் ரயிலுக்காக நிறுத்தப்படாது என்று நேர அட்டவணையையும் இணைத்து, கொருக்குப்பேட்டை முதல் கும்மிடிப்பூண்டி வரை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் தமிழில் ஒட்டுங்கள். நாங்கள் படித்துப் பார்த்துக் கருத்துச் சொல்ல மூன்று மாதம் அவகாசமும் கொடுங்கள்.

இப்படிக்கு,
கும்மிடிப்பூண்டி மார்க்கப் பயணி ஒருவன்,
கொருக்குப்பேட்டை, சென்னை.