வாளியில் கொசு வளர்க்கச் சொல்லுமுன்

நோய் பரப்பும் கொசுக்களை ஆராயும் புதுச்சேரி வி.சி.ஆர்.சி. மையத்தின் விஞ்ஞானிகளுக்கும், நம் ஊர் சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும், லாஸ்பேட்டையிலிருந்து வணக்கம்.

வோல்பாக்கியா என்னும் பாக்டீரியாவை ஏற்றிய ஏடிஸ் கொசுக்களை (பகலில் கடித்து டெங்கு பரப்பும் கொசு) உருவாக்கியிருப்பதாக 2022-இல் நீங்கள் அறிவித்தீர்கள். அந்தப் பாக்டீரியா உள்ளே இருந்தால் டெங்கு, சிக்குன்குனியா வைரஸ்கள் கொசுவின் உடம்பில் சரியாகப் பெருக முடியாது. வெளியில் விட அரசின் ஒப்புதல் வேண்டும் என்றும் அப்போதே சொன்னீர்கள். டீக்கடையில் இந்தப் பேச்சு வந்தால் முதலில் விழுகிற கேள்வி ஒன்றுதான்: "கொசுவ ஒழிக்கச் சொன்னா, கொசுவ வளர்க்கிறாங்களா?" சிரித்துவிட்டுப் போகக்கூடிய கேள்வி இல்லை அது.

இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். நகரை 24 பகுதிகளாகப் பிரித்து, குலுக்கிப் போட்டு 12 பகுதிகளில் மட்டும் இந்தக் கொசுவை விட்டார்கள். 2021-இல் முடிவு வந்தது. கொசு விட்ட பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைவு, அதற்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் 86 சதவீதம் குறைவு. அருமையான முடிவுதான். ஆனால் கொசுவை விட்ட விதத்தைக் கவனியுங்கள். ஒரு வாளியில் தண்ணீர், கொஞ்சம் மீன் தீனி, முட்டை ஒட்டிய ஒரு துண்டுத் தாள். அந்த வாளியை வீடுகளில் வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றினார்கள்.

இங்கே வீடு வீடாக வரும் உங்கள் பணியாளர்கள் இத்தனை வருஷமாக எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது இதற்கு நேர் எதிர். கொல்லையில் கிடக்கும் பழைய ஆட்டுக்கல்லில் மழைத் தண்ணீர் நின்றால் டார்ச் அடித்து, "புழு நெளியுது பாருங்க" என்று காட்டிக் கவிழ்த்துவிட்டுப் போவார்கள். பிரிட்ஜ் பின்னால் இருக்கும் தட்டு, கொட்டாங்கச்சி, பூந்தொட்டி எதையும் விடமாட்டார்கள். நல்ல வேலை, குறை சொல்லவில்லை. ஆனால் அதே துறை நாளைக்கு ஒரு வாளியோடு வந்து, "இதில் புழு இருக்கு, கொட்டிடாதீங்க" என்று சொன்னால் எங்கள் தெருப் பெரியம்மாக்கள் என்ன செய்வார்கள்? கொட்டிவிடுவார்கள். அத்தனை நன்றாகப் பாடம் எடுத்திருக்கிறீர்கள்!

இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. டில்லியில் உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரும் சேர்ந்து கொசுவை மலடாக்கும் ஆராய்ச்சி நடத்தின. உயிரியல் போருக்கு ஒத்திகை பார்க்கிறார்கள் என்று பத்திரிகைகளில் கிளம்பி, நாடாளுமன்றம் வரை போய், 1975-இல் அந்த ஆராய்ச்சிப் பிரிவே மூடப்பட்டது. அதே 1975-இல்தான் உங்கள் மையம் தொடங்கியது. அப்போது வதந்தி பரவப் பத்திரிகை வேண்டியிருந்தது. இப்போது ஒரு வாட்ஸ்அப் குரல் பதிவு போதும், விடிவதற்குள் காலாப்பட்டு முதல் பாகூர் வரை போய்விடும்.

பயத்தைப் போக்க உங்களிடம் நல்ல சரக்கு இருக்கிறது, ஏனோ அதைத் தெருவில் அவிழ்ப்பதில்லை. வோல்பாக்கியா புதிதாகச் செய்த கிருமி இல்லை. 1924-இல் அமெரிக்காவில் கண்டுபிடித்ததே ஒரு சாதாரண க்யூலெக்ஸ் கொசுவில்தான். நம் சாக்கடைக் கொசுவும் அதே க்யூலெக்ஸ் இனம், அதன் உடம்பிலும் இது இயற்கையாகவே உண்டு. அதாவது, வோல்பாக்கியா உள்ள கொசு நம்மைத் தலைமுறை தலைமுறையாகக் கடித்துக்கொண்டுதான் இருக்கிறது. இது மரபணு மாற்றிய கொசுவும் இல்லை. பாக்டீரியா உள்ள பெண் கொசு எந்த ஆணோடு சேர்ந்தாலும் குஞ்சுகளுக்கு அது போய்ச் சேரும். பாக்டீரியா உள்ள ஆண், இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரிக்காது. அதனால்தான் சில மாதங்கள் விட்டாலே ஊரில் நிலைத்துவிடுகிறது. இதை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட விளக்கலாம்.

சரி, எங்களுக்குப் பதில் வேண்டிய கேள்விகளும் உண்டு. நீங்கள் கொசுவில் ஏற்றிய வோல்பாக்கியா இரண்டு வகை: டபிள்யூ-மெல், டபிள்யூ-ஆல்ப்-பி. முதல் வகை அதிக வெப்பத்தில் கொசுவின் உடம்பில் குறைந்துவிடும், இரண்டாவது வெயிலைத் தாங்கும் என்கின்றன ஆய்வுகள். கத்திரி வெயிலில் மொட்டை மாடி டிரம் தண்ணீர் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும். எங்கள் தெருவுக்கு எந்த வகை வரும்? விடும் வாரங்களில் பகல் கடி கூடுமே, கைக்குழந்தை இருக்கும் வீடு என்ன செய்யும்? அந்த நாட்களில் கொசு மருந்துப் புகை அடிக்கும் வண்டி வருமா, வந்தால் விட்ட கொசுவும் செத்துப்போகாதா? சாக்கடைக் கொசுவை இது குறைக்காது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் ராத்திரி கடி வாங்கியவர்கள் திட்டம் தோற்றது என்பார்கள்.

ஒப்புதல் கிடைத்த பிறகு நோட்டீஸ் ஒட்டுவதில் பயனில்லை, அதற்கு முன்பே வாருங்கள். எங்கள் தெருவில் பிள்ளையார் கோயில் வாசலில் இடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் என்றால் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். ஒரு பூதக்கண்ணாடி, முட்டை ஒட்டிய தாள் ஒன்று, தமிழில் பேசத் தெரிந்த ஒரு விஞ்ஞானி, இவ்வளவு போதும். நாற்காலி நாங்கள் போடுகிறோம்.

இப்படிக்கு,
லாஸ்பேட்டை வாசி ஒருவர்