பக்கத்துக் கட்டில்

அன்புள்ள தம்பிக்கு,

பசியாறிவிட்டாயா? அன்று பாதியில் போனை வைத்தது என் தப்புதான். "இல்லாத ஒருத்தர்கிட்ட எதுக்கும்மா இவ்வளவு நேரம் பேசுறீங்க?" என்று நீ கேட்டதும் கோபம் வந்துவிட்டது. பேசினால் மறுபடி சண்டையாகும். அதனால்தான் எழுதுகிறேன்.

கடவுள் இல்லை என்பது நம் வீட்டுக்குப் புதுப்பேச்சு இல்லை. உன் தாத்தா, 1954இல் பெரியார் மலாயா வந்தபோது கூட்டத்தில் நின்று கேட்டவர். சாகும்வரை கோயில் படி மிதிக்கவில்லை. பள்ளிக்காக நான் ருக்குன் நெகாராவை, அதாவது மலேசியாவின் தேசியக் கோட்பாடுகள் ஐந்தையும், மனப்பாடம் செய்வேன். முதல் கோட்பாடே 'இறைவன் மீது நம்பிக்கை வைத்தல்' அல்லவா? "மிச்ச நாலையும் சத்தமாச் சொல்லு" என்பார். ஆனால் தைப்பூசம் வந்தால், பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் பாதையில் எங்கள் தெருக்காரர்கள் போடும் பந்தலில் முதல் ஆளாக மோர் ஊற்றுவார். வெள்ளி ரதத்துக்கு முன்னால் உடைகிற தேங்காய்களைப் பார்த்துத்தான் முகம் சுளிப்பார், எத்தனை வீட்டுக் குழம்பு போகிறது என்று. கடவுள் பெயரைச் சொல்லி மனிதனை மேல், கீழ் என்று பிரித்தவர்களோடுதான் அவருக்குச் சண்டை. அந்தக் கடவுள் எனக்கும் வேண்டாம்.

கும்பிடுகிறவர்களுக்குள்ளேயே கடவுள் ஒன்றாக இல்லை, தெரியுமா? தோட்டத்தில் வளர்ந்த உன் அப்பாவுக்கு அவர் ஒரு கங்காணி. தப்புச் செய்தால் பிரம்போடு வருவார்.

உன் கேள்வி வேறு. உனக்கு ஏழு வயதில் டிங்கிக் காய்ச்சல் வந்ததே, அதைத்தான் அன்று எடுத்துச் சொன்னாய். டிங்கிக்கென்று தனி மருந்து கிடையாது. சலைன் ஏற்றி, இரத்தத் தட்டணுக்களை எண்ணிக்கொண்டு ராப்பகலாகப் பார்த்துக்கொண்டார்கள். உன்னைப் பிழைக்க வைத்தது டாக்டரும் அந்தத் தாதிகளும்தான், நான் மறுக்கவில்லை. நான் வெளியே நின்று உனக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டேன். பக்கத்துக் கட்டில் பையனின் அம்மாவும் ஏதோ நேர்ந்திருப்பார். அந்தப் பிள்ளை மூன்றாம் நாள் போய்விட்டான். முருகன் உன்னைக் காப்பாற்றினார் என்றால் அவனை ஏன் விட்டார் என்று கேட்டாய்.

என்னிடம் பதில் இல்லை, தம்பி. கர்மா என்று யாராவது சொன்னால் எனக்கு எரியும். சின்னப் பிள்ளைக்கு என்ன கர்மா? நீ அதைக் கணக்காகப் பார்த்தாய். விடை இடித்தது, ஆளே இல்லை என்று நோட்டை மூடிவிட்டாய். நியாயம்தான். எனக்கு மூட வரவில்லை. இத்தனை வருஷமாக அந்தப் பையனை வைத்துத்தான் முருகனோடு எனக்கு வழக்கு. விளக்கேற்றிவிட்டு நான் முணுமுணுப்பதில் பாதி அதுதான். நீ என்னவோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவர் இருக்கிறாரா என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. ஏன் வாயே திறக்க மாட்டேன் என்கிறார் என்றுதான் தோன்றும்.

போன தைப்பூசத்தில் உன் பால்குடத்தை நானே எடுத்துவிட்டேன். 513 படி. முட்டி இன்னும் வலிக்கிறது, அப்பாவிடம் சொல்லாதே. இனி உன் பேரில் பாக்கி இல்லை. நம்பாதவன் தலையில் குடத்தை வைக்க எனக்கும் மனசு வரவில்லை.

லீவு கிடைத்தால் தைப்பூசத்துக்கு வா. படியேற வேண்டாம். தாத்தா போன பிறகு பந்தலில் மோர் அண்டாவைத் தூக்க ஆள் இல்லை.

அன்புடன்,
அம்மா