தெலுக் ஆயர் தெருவுக்கு ஒரு நடை போய் வா

அன்பு மகளுக்கு,

போனில் பேசினால் உன் அவசரத்துக்கு என் பேச்சு ஈடுகொடுக்காது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. சிங்கப்பூர் வாட்டர்லூ ஸ்திரீட் கிருஷ்ணன் கோயிலுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாய். வாசலில் சீனர்கள் கைநிறைய ஊதுவத்தி ஏந்திக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "இது நம்ம கோயில் மாதிரியே இல்லப்பா. இவன் எதைப் பார்த்து வளரப்போறான்?" என்று கேட்டாய். குரல் கம்மியிருந்தது.

அந்தக் கிருஷ்ணன் கோயில் 1870இல் வந்தது. பக்கத்திலேயே குவான் யின் அம்மன் கோயில். அங்கே கும்பிட வருகிற சீனர்கள் இரண்டடி தள்ளி இருக்கிற கிருஷ்ணனையும் கும்பிட்டுப் போகிறார்கள். குவான் யின் யார் தெரியுமா? நம் நாட்டிலிருந்து போன பௌத்தக் கருணைத் தெய்வம் அவலோகிதேசுவரர்தான். பௌத்தத்தோடு சீனத்துக்குப் போய், நாளடைவில் அங்கே பெண் தெய்வமாகிவிட்டார். நம் நாகப்பட்டினத்து மண்ணைத் தோண்டியபோது கிடைத்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்த வெண்கலச் சிலைகளில் அவரும் உண்டு. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் சின்ன வயதில் உனக்குக் காட்டினேன், நீ ஐஸ்கிரீம் கேட்டு அழுதுகொண்டிருந்தாய். ஆக, அந்த வாசலில் ஊதுவத்தி ஏற்றுகிறவர்கள் உனக்கு அத்தனை அந்நியர் இல்லை.

உன் தாத்தா 1956இல் ரஜூலா கப்பலில் சிங்கப்பூருக்குப் போனதை நான் உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. நாகையில் பெரிய கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். படகில் ஏற்றிக்கொண்டு போய்க் கப்பலில் விடுவார்கள். படகு கண்ணுக்கு மறைகிற வரை பாட்டி கரையில் நின்றாள். நின்றவள் வீட்டுக்குத் திரும்பவில்லை, நேரே நாகூர் தர்காவுக்குப் போனாள். மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து, "பத்திரமா போய்ச் சேர்ந்தா கப்பல் உருவம் போட்ட தகடு வாங்கிப் போடறேன் ஆண்டவரே" என்று வேண்டிக்கொண்டாள். சமயபுரத்துக்கும் ஒரு காசு முடிந்து வைத்திருந்தாள், அது வேறு.

இரண்டு மாதம் கழித்துத் தாத்தாவின் முதல் கடிதம் வந்தது. வேலை, சம்பளம் எல்லாம் பின்னால்தான். முதல் வரியே இதுதான்: "இங்கேயும் நாகூர் ஆண்டவர் இருக்கிறார்." அந்த வரியைப் பாட்டி அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் படித்துக் காட்டச் சொன்னாள். தெரியாத ஊரில் தெரிந்த ஒருவர் புருஷனுக்குத் துணைக்கு இருக்கிறார் என்கிற மாதிரி அவளுக்கு நிம்மதி.

தாத்தா பார்த்தது தெலுக் ஆயர் தெருவில் இருக்கிற நாகூர் தர்காவை. 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டினார்கள். அந்தக் காலத்தில் அந்தத் தெருதான் கடற்கரை. கடலைத் தூர்த்துக் கரையைத் தள்ளிக்கொண்டு போனதெல்லாம் பிற்பாடு. கப்பலை விட்டு இறங்கினவன் தங்க இடம் தேடுவதற்கு முன்னால் நன்றி சொல்ல நின்ற இடம் அது. அதே தெருவில் சூலியா என்று அழைக்கப்பட்ட நம் தமிழ் முஸ்லிம்கள் 1827இல் ஓலைக்குடிசையாகப் போட்ட பள்ளிவாசலும் இருக்கிறது. குச்சுப் பள்ளி என்று பேர் வைத்தார்கள், இன்று அல் அப்ரார் பள்ளிவாசல். இரண்டுக்கும் நடுவில் ஹொக்கியன் சீனர்கள் 1842இல் கட்டி முடித்த தியான் ஹொக் கெங் கோயில். அங்கே இருப்பவள் மாசு, கடலோடிகளைக் காக்கிற அம்மன். அந்தக் கோயிலின் இரும்புக் கம்பிக்கதவுகள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து வந்தவை. தாத்தா ஏறிய ரஜூலாவும் 1926இல் அங்கேதான் கட்டப்பட்டது. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

இப்போது நம் கரைக்கு வா. நாகூர் ஆண்டவர் முடி திருத்திக்கொண்டிருந்தபோது கடலில் ஒரு கப்பல் ஓட்டை விழுந்து தத்தளித்தது, கையிலிருந்த கண்ணாடியை வீசி ஓட்டையை அடைத்தார் என்பது கதை. வேளாங்கண்ணியில், புயலில் சிக்கிய போர்ச்சுகீசிய மாலுமிகள் மாதாவை வேண்டிக் கரை சேர்ந்து கோயில் கட்டினார்கள், சீனத்துப் பீங்கான் தட்டுகளைக் கொண்டுவந்து பீடத்தில் பதித்தார்கள் என்பது கதை. மாசுவின் கதையும் புயலில் சிக்கிய ஆட்களைக் காப்பாற்றியதுதான். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக்கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை. எல்லோரும் ஒரே கடலுக்குப் பயந்தார்கள், அவ்வளவுதான்.

எனக்கு இருபது வயதில் நானும் உன்னைப்போலத்தான் கேட்டேன். "நாம இந்து, நீ ஏன் நாகூருக்குப் போறே?" என்று பாட்டியிடம் சத்தம் போட்டேன். அவள் சுளகைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "கடல்ல போறவனுக்காக எந்த வாசல் தொறந்திருந்தாலும் போய்க் கும்பிடுவேன்டா. நீ கரையில இருக்கிறவன், உனக்கு வாசல் பாக்கத் தோணும்."

பிற்பாடு இலங்கையின் காலி நகரத்துக் கல்வெட்டைப் பற்றிப் படித்தபோது இந்தப் பேச்சு நினைவுக்கு வந்தது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ 1409இல் செதுக்கவைத்து இலங்கைக்குக் கொண்டுவந்த கல். சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை. தமிழில் தேனவரை நாயனாருக்கு, அதாவது தெவுந்தறைப் பெருமாளுக்குக் காணிக்கை. பாரசீகத்தில் அல்லாவுக்கு. பொன்னும் வெள்ளியும் பட்டும் எண்ணெயும் எழுதியிருக்கிறது. செங் ஹோ பிறப்பால் முஸ்லிம். 1911இல் காலியில் கிடைத்த அந்தக் கல் இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாட்டி அந்தக் கல்லைக் கேள்விப்பட்டதே இல்லை.

பக்திக்குள் வியாபாரமும் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. முகம் தெரியாத துறைமுகத்தில் இறங்குகிறவனுக்குக் கடன் கொடுக்க ஆள் வேண்டும், சாட்சி சொல்ல ஆள் வேண்டும், செத்தால் தூக்க நாலு பேர் வேண்டும். கோயிலும் பள்ளிவாசலும்தான் அதற்கு இடம். சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலை 1827இல் எழுப்பிய நாராயண பிள்ளை, சிங்கப்பூரை நிறுவிய ஆங்கிலேயர் ராபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்து செங்கல் சூளை போட்டவர். நாகை, கடலூர்க்காரர்கள் அவரோடு சேர்ந்தார்கள். ராஜாக்களுக்கும் இந்தக் கணக்குத் தெரியும். நாகூர் தர்காவின் 131 அடி உயரப் பெரிய மனோராவை, அதாவது கோபுரத்தைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். 1006இல் சுமத்ராவின் ஸ்ரீவிஜய அரசன் நம் நாகையில் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்தைக் கட்டியபோது, ராஜராஜ சோழன் சிவபக்தனாக இருந்தும் ஆனைமங்கலம் ஊரின் வருவாயை அதற்குக் கொடுத்தான். ஆனால் இதையும் தெரிந்துகொள்: அவன் மகன் ராஜேந்திரன் 1025இல் அதே ஸ்ரீவிஜயத்தின் மேல் படையெடுத்தான். அப்புறம் வெள்ளைக்காரன் காலத்தில் போனவர்களில் கைதிகளும் இருந்தார்கள், தோட்டக் கூலிகளும் இருந்தார்கள். அவர்கள் விரும்பிப் போகவில்லை. சாமியை மட்டும்தான் அவர்களால் கையோடு கொண்டுபோக முடிந்தது.

எனக்கு உண்மையில் கவலை தருகிறவர்கள் மலேசியாவின் மலாக்காச் செட்டிகள். காற்று திசை மாறுகிற வரை மாதக்கணக்கில் மலாக்காவில் காத்திருக்க வேண்டிய தமிழ் வணிகர்கள் அங்கேயே பெண் எடுத்துத் தங்கினார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்று மலாய் பேசுகிறார்கள், பெண்கள் சாரோங்கும் கெபாயாவும் உடுத்துகிறார்கள். 1781இல் கட்டிய பொய்யாத விநாயகர் கோயில் இன்னும் இருக்கிறது. பொங்கலை ஒட்டி முன்னோர்க்குப் படைக்கிறார்கள், அதற்குப் பார்ச்சு என்று பேர். சாமி தங்கிவிட்டது, பொங்கல் தங்கிவிட்டது, தமிழ் போய்விட்டது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் படிக்கும்போது நெஞ்சு கனத்தது. அதனால்தான் சொல்கிறேன், பிள்ளை சீனர்களோடு ஊதுவத்தி ஏற்றினால் ஏற்றட்டும். வீட்டில் அவனோடு தமிழில் பேசு. நீயும் மாப்பிள்ளையும் இங்கிலீஷில் பேசிக்கொள்வது எனக்குப் போனிலேயே கேட்கிறது.

சாமியோடு நம் சொற்களும் கடல் கடந்து போயிருக்கின்றன பார். மலாயில் கடை கெடாய், கப்பல் காப்பால், கட்டில் காத்தில், மாப்பிள்ளை மெம்பெலாய். நீ மீ கோரெங் வாங்குகிற மாமாக் கடையின் 'மாமாக்' நம் மாமாதான்.

சரி, ஒன்று கேட்கிறேன், செய். வருகிற சனிக்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தெலுக் ஆயர் தெருவுக்குப் போ. குச்சுப் பள்ளி, மாசு கோயில், நாகூர் தர்கா மூன்றையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம். தர்கா இப்போது வழிபாட்டு இடமாக இல்லை, பாரம்பரிய மையமாக வைத்திருக்கிறார்கள். அதன் வாசலில் பிள்ளையை நிறுத்தி ஒரு போட்டோ எடு. கொள்ளுத்தாத்தா இங்கேதான் இறங்கி வந்து நின்றார் என்று சொல். தாத்தா திரும்பி வந்ததும் பாட்டி கப்பல் தகடு வாங்கிப் போட்டாள் என்பதையும் சொல்.

நாகூர் தர்காவின் கந்தூரித் திருவிழாவுக்குக் கொடி ஊர்வலம் நாகையிலிருந்து நாகூருக்குப் போகும்போது கப்பல் மாதிரி செய்த ரதமும் வரும். இந்த வருஷம் முழுதாக வீடியோ எடுத்து அனுப்புகிறேன். அவனுக்குக் கப்பல் என்றால் உயிராயிற்றே.

அன்புடன்,
அப்பா