வாடை தள்ளவில்லை வாப்பா

தேரா, துபாய்

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் உதவியால் நலம். உம்மா, லாத்தா எல்லோரும் சுகம்தானே? எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று போனில் கேட்டீர்கள். அதற்குள் உம்மா வாங்கிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அதான் எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து துபாய்க்கு வான்வழி ஏறக்குறைய 2,930 கிலோமீட்டர். கடலோடியான உங்கள் கணக்கில் 1,580 கடல் மைல். மணிக்கு எட்டு கடல் மைல் ஓடும் படகுக்கு எட்டு ராத்திரி எட்டுப் பகல். விமானம் நாலு மணி நேரத்தில் கொண்டுவந்து இறக்கிவிட்டது. டிக்கெட்டில் புறப்பாடு 4.00, சேர்வது 6.30 என்று இருந்ததைக் கழித்துப் பார்த்து, இரண்டரை மணி நேரம்தான் என்று லாத்தா மகன் அடித்துச் சொன்னானாமே! இங்கே கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது என்று அவனிடம் சொல்லுங்கள். வரும்போது இதே கழித்தலைப் போட்டால் ஐந்தரை வரும், பயந்துவிடப் போகிறான்.

ஆனால் வாப்பா, வீட்டு வாசலிலிருந்து எண்ணினால் கதையே வேறு. ராத்திரி ராமநாதபுரத்தில் சேது எக்ஸ்பிரஸ், விடிந்ததும் தாம்பரம், மின்சார ரயிலில் திரிசூலம், அப்புறம் விமான நிலையத்தில் சாயங்காலம் வரை காத்துக் கிடந்தேன். இங்கே அறைக்கு வந்து சேர ஒரு நாளுக்கு மேல் ஆகிவிட்டது. மதுரையிலிருந்தும் துபாய் கிட்டத்தட்ட அதே தூரம்தான், 2,950 கிலோமீட்டர். நமக்கு எவ்வளவு பக்கம்! டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

பெட்டி இரண்டு கிலோ கூடுதல் என்றார்கள். உம்மா கொடுத்த தொதல் அல்வாவை எடுத்துவிடச் சொல்லி ஒருவர் யோசனை சொன்னார். நான் இரண்டு கைலியையும் ஒரு சட்டையையும் உருவிக் கைப்பையில் திணித்தேன். தொதல் சுற்றிய பேப்பரில் எண்ணெய் கசிந்து, அந்தப் பெட்டியே இன்னும் தேங்காய்ப்பால் வாசம் அடிக்கிறது.

‘வாடைக்காலம், காற்று முதுகில் இருக்கும், சீக்கிரம் போயிடுவே’ என்றீர்களே? சீட்டுக்கு முன்னால் இருந்த திரையில் எதிர்க்காற்று என்று காட்டியது! அரபிக்கடல் மேலே வடக்கே ஏற ஏறக் கூடியும் போனது. தை மாதத்தில் கீழே வாடை அடித்தாலும், பத்துப் பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்துதான் அடிக்குமாம். நம் கச்சான், அதான் மேல்காற்று, மாடி ஏறி உட்கார்ந்திருக்கிறது போல. அடுத்த தையில் லீவு கிடைத்தால் அது என் முதுகில் இருக்கும், கொஞ்ச நிமிடம் மிச்சம்.

இன்னொன்று. ஊரில் தொழுகைக்கு மேற்கே சற்று வடக்காகச் சாய்ந்து நிற்போம் இல்லையா? இங்கே மேற்கே சற்றுத் தெற்கு. முதல் நாள் பழக்கத்தில் ஊரில் நிற்பது போலவே நின்றுவிட்டேன். அறையில் கூட இருக்கும் மூத்தவர், நாங்கள் காக்கா என்று கூப்பிடுபவர், ஒன்றும் பேசாமல் என் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார்.

துஆ செய்யுங்கள். வஸ்ஸலாம்.

உங்கள் மகன்